தூங்கும் காருக்குக் காப்பீடு உண்டு

‘வண்டியின் மூல அமைப்பில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா? ஆம் எனில் விவரம் தருக.’

மோட்டார் இன்சூரன்ஸ் படிவத்தில் இது பதினோராவது கேள்வி. விவரம் தருவதற்கு அரை அங்குல இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்களுக்கு விவரம் வேண்டாம் என்று. தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் கார் வைத்திருக்கும் கனவான்கள் அத்தனை பேரும் அந்த அரை அங்குலத்தில் ‘இல்லை’ என்றே எழுதி வந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்து ஜெயவேலு பெட்ரோல் காரின் வயிற்றைக் கிழித்து டீசல் இன்ஜினைத் திணித்து, பின் சீட்டைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போவார். அவர் படிவத்திலும் ‘இல்லை’தான். இந்த ஊரில் ஓடுகிற பாதி வண்டிகளைப் பெற்ற தொழிற்சாலையே வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது. ஆனால் படிவங்களின்படி ஓர் ஆணிகூட மாறவில்லை.

1969 ஏப்ரல் மாதத்தில் ஒருவர் அந்த இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினார். ‘விவரம் இணைப்பில் காண்க’ என்று போட்டு, நாலு பக்கம் எழுதி, படம் வரைந்து, குண்டூசி குத்தி அனுப்பினார். அந்தக் குற்றத்துக்கு யார் அதிகத் தண்டனை தருவது என்று மூன்று கம்பெனிகள் போட்டி போட்டன.

குற்றவாளியின் பெயர் ஞானசௌந்தரி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது முப்பத்தொன்பது வயது. நாலு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் வலது காலைக் கொண்டுபோய்விட்டது. இடுப்பிலிருந்து குதிகால் வரை இரும்புச் சட்டமும், கக்கத்தில் ஒரு கட்டையுமாக நடப்பார். விடை சரியாக இருந்தும் வழி எழுதாத பெண்ணுக்கு முட்டை மார்க் போட்டவர். அந்தப் பெண்ணின் அப்பா வந்து சண்டை போட்டபோது, “விடை யார் கிட்ட வேணாலும் கிடைக்கும் சார், வழிதான் சொந்தமா இருக்கணும்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மனிதர் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். டீச்சர் வருத்தப்படவில்லை.

வீடு பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. நாற்பது தப்படி. ஆகவே வேலைக்குப் போக வண்டி தேவையில்லை. ஆனால் அவர் சபையின் கோயில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிகள் அவருக்கு ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரர் வராத ஞாயிற்றில் அண்ணன் சத்தியநாதனின் சைக்கிள் கேரியர். முப்பத்தேழு வயதுக் கணக்கு டீச்சர் கேரியரில் ஒருக்களித்து உட்கார்ந்து, கட்டையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டில் காத்து நிற்பார். கேட்டில் நிற்கிற சபையார் எல்லாரும் “பாவம்” என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் கார் வாங்கினார் என்று சொன்னால் மிகையில்லை.

சானடோரியம் டாக்டர் ஒருவர் ஓய்வு பெற்றுக் கோயமுத்தூர் போகும்போது விட்டுப்போன மாரிஸ் மைனர். அதைப் பம்மலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே தோல் பதனிடும் ஷாப்பு மெஷின்களைப் பழுது பார்க்கும் தசரதன் என்ற ஃபிட்டர், வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தார்.

“டீச்சரம்மா, உன் காலு இன்னா செய்யாதோ அத்த கையி செய்யட்டும். கைக்கு இன்னா கேடு?”

“கைக்கு ஒரு கேடும் இல்ல. முப்பது வருஷமா கட்டை ஊனின கை.”

“அப்ப முட்ச்சிது வேல.”

இரண்டு மாதம் ஆயிற்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் கம்பி. முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் ஆக்ஸிலரேட்டர். நிறுத்தி வைக்கும்போது, தள்ளின கம்பியை அடியில் ஒரு கொக்கியில் மாட்டிவிட வேண்டும். கிளட்ச் மட்டும் நல்ல காலுக்கு. லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் அவரை எட்டுப் போடச் சொன்னார், பின்னால் வரச் சொன்னார், ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். மூன்றையும் செய்துவிட்டு, “இன்னொரு தடவை போடட்டுமா சார், முதல் எட்டு கொஞ்சம் கோணலா வந்துச்சு” என்று டீச்சர் கேட்டாராம். இன்ஸ்பெக்டர் வேகமாக லைசென்ஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்: ‘இவருக்கென மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கு மட்டும்.’

அதன்பிறகு ஞாயிறுதோறும் கோயில். எப்போதாவது பம்மல், தசரதனிடம் எண்ணெய் போட. வருஷத்துக்கு இருநூறு மைல் தாண்டாது. மற்ற நாளெல்லாம் வண்டி வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் தூங்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெருமை வந்து சேர்ந்தது. எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தாள்களுக்கு ஞானசௌந்தரியைச் சீஃப் எக்ஸாமினராகப் போட்டு உத்தரவு வந்தது. அந்தப் பள்ளியிலிருந்து அதற்கு முன் யாரும் ஆனதில்லை. சைதாப்பேட்டையில் பன்னிரண்டு நாள் முகாம். மே ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால் பட்டியலில் அடுத்தவர். அடுத்தவர் பல்லாவரத்தில் ஒரு பையன்கள் பள்ளியின் கணக்கு வாத்தியார் வேதசிரோமணி. நல்ல மனிதர். அவர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எல்லார் காதும் கேட்கச் சொன்னார்: “தினம் சைதாப்பேட்டை போய் வர அவங்களால எப்படி முடியும்? பாவம், அவங்க பேரை ஏன் போட்டாங்களோ.”

அந்தச் சொல் தாம்பரத்துக்கு அன்றைக்குச் சாயங்காலமே வந்து சேர்ந்தது.

டாக்ஸியில் போனால் முகாம் கொடுக்கிற படி முழுவதும் டாக்ஸிக்காரருக்கு. போதாததற்குக் கைக்காசு வேறு. ரயிலுக்கு அதே படிகள். ஆகவே மாரிஸ் மைனர். அதன் இன்சூரன்ஸோ ஏப்ரல் நடுவில் முடிகிறது.

புதுப்பிக்கிற படிவத்தோடு ஏஜெண்டு அசரியா வந்தார். அதே சபை. பாட்டுக்குழுவில் பேஸ் குரல். டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். முதல் இரண்டு வருஷமும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப்போய்த் தானே நிரப்பிக்கொண்டார். டீச்சரும் நம்மவன்தானே என்று போட்டுக் கொடுத்திருந்தார். இந்த முறை அசரியா நிரப்பியே கொண்டு வந்துவிட்டார். அது அவர் செய்த தப்பு. எழுத்து இருந்தால் டீச்சர் படிப்பார்.

“பதினோராவதுல இல்லைன்னு எழுதியிருக்கியே.”

“ஆமாக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

“போன வருஷம்?”

“போன வருஷமும் அப்படித்தான். முந்தின வருஷமும்.”

“வண்டிக்குள்ள ஒரு முழத்துக்குக் கம்பி இருக்கு. கண்ணுக்குத் தெரியலையா?”

“எனக்குத் தெரியுதுக்கா. கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சா பிரீமியம் ஏறும்.”

“எங்கயாவது மோதிட்டா? கம்பெனிக்காரன் வந்து பார்த்தா கம்பி தெரியுமில்ல? ஒரு பைசா தருவானா?”

“நீங்க ஓட்டுறதே வாரத்துக்கு ஒருநாள். அதுவும் கோயிலுக்கு. கர்த்தர் பார்த்துப்பார்.”

“அப்ப உன் கம்பெனி எதுக்கு?”

அசரியா விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா என் கையெழுத்துக்கு மேல பொய் எழுதி வச்சிருக்கே. ஞாயித்துக்கிழமை முதல் வரிசையில நின்னு அத்தனை சத்தமா பாடுறே.”

“பேஸ் குரல்னா முன்னாடிதான்க்கா நிறுத்துவாங்க.”

இந்த இடத்தில் டீச்சருக்கு வந்த கோபத்தில் பாதி அசரியா மேல்; மறு பாதி வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்ட கை மேல். அந்தக் கையாலேயே புதுப் படிவம் எடுத்து ‘ஆம்’ என்று எழுதினார். நாலு பக்க இணைப்பு. கம்பியின் நீளம், கனம், கொக்கியின் இடம், பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் வண்டி நிற்கும் என்ற கணக்கு, வழியோடு. கார்பன் வைத்து மூன்று பிரதி. ஒரு கம்பெனியை மட்டும் நம்புவதில்லை; மூன்றைக் கேட்டு, என்ன விலைக்கு என்ன காப்பு என்று ஒப்பிட்டு, பிறகு முடிவு. இரண்டு வருஷப் பொய்க்குப் பிராயச்சித்தமாக அசரியா கூட வந்தார்.

மூன்று கம்பெனியும் மாடியில் இருந்தன. இன்சூரன்ஸ் ஆபீஸ்களுக்கு மாடி மேல் ஏன் அத்தனை ஆசை என்பது ஆராய்ச்சிக்குரியது. வெள்ளம் வந்தால் ஊர் நனையட்டும், தாங்கள் நனையக்கூடாது என்றிருக்கலாம். டீச்சர் கீழே காரில் உட்கார்ந்திருப்பார். அசரியா படியேறிப் போய்ப் பதிலோடு இறங்கி வருவார். மேலே இருந்த மூன்று ஆபீசர்களில் ஒருவரும் ஜன்னலைத் திறந்து கீழே பார்க்கவில்லை. ‘உடல் குறைபாடுள்ள பெண்மணி’ என்று இணைப்பில் படித்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

முதலில் தாம்பரம் கம்பெனி, அசரியாவின் சொந்தக் கம்பெனி. அந்த வயசு மாரிஸ் மைனருக்கு முழுக் காப்பீடு நூற்று அறுபத்தெட்டு ரூபாய். மாற்றியமைத்த வண்டி என்பதால் இருநூற்று ஐம்பத்திரண்டு. ஒன்றரை மடங்கு. கூடவே ஒரு வரி தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள்: ‘மாற்றியமைக்கப்பட்ட பாகம் உபயோகத்தில் இருக்கும்போது நேரும் இழப்பு நீங்கலாக.’

“அப்படின்னா?”

“அந்தக் கம்பியைப் பிடிச்சு ஓட்டும்போது எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லக்கா.”

“கம்பியைப் பிடிக்காம நான் எப்படி ஓட்டுறது?”

“ஓட்ட முடியாது.”

“அப்ப எப்பதான் பொறுப்பு?”

“நிக்கும்போது. மரம் விழுந்தா. திருடு போனா.”

“திருடுறவன் எப்படி ஓட்டிட்டுப் போவான்? அவனுக்கும் கம்பிதானே?”

அசரியா இதைக் கேட்டு வர மறுபடி படியேறினார். கேட்டு வந்தார். திருடனும் கம்பியைத்தான் பயன்படுத்துவான் என்பதால் அதுவும் நீங்கலாம். ஆக, வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் தூங்குகிற காருக்கு, தூங்குகிற நேரத்துக்கு மட்டும், விழித்திருக்கும் காரைவிட ஒன்றரைப் பங்கு விலை.

பல்லாவரம் கம்பெனி அப்படி இல்லை. தாராள மனசு. ஒரு பைசா கூட்டவில்லை. அதே நூற்று அறுபத்தெட்டு, முழுக் காப்பு, ஓடினாலும் நின்றாலும். இரண்டே நிபந்தனை. கம்பியைக் கழற்றிவிட்டுப் பழையபடி பெடல் வைக்க வேண்டும். இரண்டு காலும் உள்ள டிரைவர் ஒருவரை அமர்த்த வேண்டும்.

இது போதாதென்று அங்கிருந்த ஆபீசர் அசரியாவிடம் ஒரு சந்தேகம் எழுப்பினார். வருஷத்துக்கு இருநூறு மைல்தான் என்றால் அம்மாளுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்குமே, அது ஆபத்தாயிற்றே. அசரியா புத்திசாலித்தனமாக, சரி, தினம் ஓட்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். தினம் ஓட்டினால் ரோட்டில் இருக்கிற நேரம் கூடும், அது அதைவிட ஆபத்து என்றார் ஆபீசர். குறைத்து ஓட்டினால் பழக்கமில்லை. நிறைய ஓட்டினால் பத்திரமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, வீட்டில் படுத்துக்கொள்கிறவரே உத்தம வாடிக்கையாளர். ஜெயவேலு இந்தக் கம்பெனியில்தான் ‘இல்லை’ எழுதி, தள்ளுபடியும் வாங்கிக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அது தெரியும். அசரியாதான் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“அவர் வண்டி பிரேக் பிடிச்சா ரெண்டு தெரு தள்ளி நிக்கும். அதுக்குத் தள்ளுபடி.”

“அவர் கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னாருக்கா. நீங்க ஆமான்னு சொன்னீங்க.”

கடைசி, கிண்டி கம்பெனி. அதன் மானேஜர் ஸ்ரீநிவாசராகவன் சட்டம் படித்தவர். படித்தது வீண் போகக்கூடாது என்ற எண்ணம் உள்ளவர். சட்டத்தில் ஊனமுற்றோர் வண்டி என்று ஒரு வகை உண்டு, அதற்கு இன்சூரன்ஸ் மலிவு. ஆனால் அது ஊனமுற்றவருக்கென்றே கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், வெறுமனே மாற்றப்பட்டதாக இருக்கக்கூடாது. கால் டன் எடைக்கு மேலும் போகக்கூடாது. ஆகவே டீச்சரின் வண்டி அது அல்ல. சரி, சாதாரணக் கார் என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், சாதாரணக் காரைச் சாதாரண லைசென்ஸ் உள்ளவர் ஓட்ட வேண்டும்; இவர் லைசென்ஸில் மாற்றப்பட்ட வண்டி மட்டும் என்றிருக்கிறது. ஆகவே அதுவும் அல்ல. இரண்டு பத்தியிலும் சேராத ஒரு பொருள், நாலு சக்கரத்தோடு, கீழே அவருடைய போர்ட்டிகோவிலேயே நின்றுகொண்டிருந்தது. பம்பாய்த் தலைமை ஆபீசைக் கேட்டு எழுதுவதாகச் சொல்லி, அதுவரை ஒரு கவர் நோட்டு கொடுத்தார். தற்காலிகக் காப்பு. குமாஸ்தா ஒழுங்கானவர், நேரத்தையும் எழுதினார்: ஏப்ரல் 18 மாலை 4 மணி முதல் மே 2 மாலை 4 மணி வரை.

இடையில் கிண்டியிலிருந்து ஒரு சர்வேயர் வண்டியைப் பார்க்கத் தாம்பரம் வந்தார். வெயில். தார்ப்பாயை எடுக்கட்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, மோர் குடித்துவிட்டு, ‘வண்டி பார்க்கப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு போனார்.

மே 2, வெள்ளிக்கிழமை. பம்பாயிலிருந்து சத்தம் இல்லை. பன்னிரண்டு மணிக்கே டீச்சரும் அசரியாவும் கிண்டிக்குப் போய்விட்டார்கள். போர்ட்டிகோ ஒரு வண்டி அகலம்; டீச்சர் அதில்தான் நிறுத்தினார். மானேஜரின் அம்பாசடர் அதற்கு உள்ளே, ஷெட்டில். மாடிப்படிக்கு அடியில் கங்கையம்மாள் டீயும் போண்டாவும் போட்டுக்கொண்டிருந்தாள்.

சார் சாப்பிடப் போயிருக்கிறார். சார் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் டிரங்க் காலுக்குக் காத்திருக்கிறார். அசரியா எட்டு முறை ஏறி இறங்கினார். டீச்சரே ஒரு தரம் கதவைத் திறந்து கட்டையை ஊன்றி முதல் படிவரை போனார். பத்தொன்பது படி, கைப்பிடி இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“டீச்சரம்மா, ஒரு டீ அட்ச்சிட்டுக் குந்து. மேல கீறவங்க கீழ வர்றது சம்பள நாளுக்குத்தான்” என்றாள் கங்கையம்மாள்.

மூன்றே முக்காலுக்கு அசரியா பதிலோடு வந்தார். பம்பாய் பதில் வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம். முகாமுக்கு மிகவும் அவசரமென்றால் டாக்ஸியில் போகலாமே என்று சார் சொல்லச் சொன்னார்.

டீச்சர் கம்பியைத் தள்ளி மாட்டியிருந்த கொக்கியைத் தொட்டார், எடுக்கவில்லை. தொழிற்பேட்டையில் நாலு மணிச் சங்கு ஊதியது.

“போலாமாக்கா?”

“எப்படிப் போறது? இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு.”

“இப்பத்தானே ஊதுச்சு.”

“ஊதினப்புறம் எத்தனை நிமிஷம் ஓட்டலாம்னு எங்கயாவது எழுதியிருக்கா? கேட்டுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் ரோடு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோறது குத்தம். நான் செய்ய மாட்டேன்.”

இதை அவர் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தாரா என்று பிற்பாடு பலர் கேட்டதுண்டு. திட்டம் போட்டிருந்தால் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருப்பார் என்பது அசரியாவின் கட்சி. இல்லை, திட்டம் போட்டுத்தான் வண்டியை அங்கே நிறுத்தினார் என்பது கங்கையம்மாளின் கட்சி. டீச்சரைக் கேட்டால், வேறு எங்கே நிழல் இருந்தது என்பார்.

நாலே முக்காலுக்குப் பியூன் வந்தார்.

“கொஞ்சம் வண்டிய எட்த்துக்கமா. சாரு கெளம்பணும்.”

“எடுக்க முடியாதுப்பா. சார் எழுதிக் கொடுத்த பேப்பர்ல நாலு மணியோட முடிஞ்சுதுன்னு போட்டிருக்கு. போய்க் காட்டு.”

பியூன் போய்க் காட்டினார். இரண்டு குமாஸ்தாக்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். டீச்சர் உள்ளே இருக்க, பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. ஒருவர் ஜன்னல் வழியே எட்டிக் கம்பியைப் பார்த்தார். அது தள்ளுவதா இழுப்பதா என்று புரியாமல் தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

“இன்னா சார், இன்சூரன்ஸுதான் இல்லன்னா தள்றதுக்கும் தெம்பு இல்லியா” என்றாள் கங்கையம்மாள், போண்டாவைத் திருப்பிப் போட்டபடி. “இன்னிக்குப் பாத்து சாரு வூட்ல பொண்ணு பாக்க வராங்கோ. மாம்பலத்துல ஆறு மணிக்கு. பேஜாராப் பூடும்.”

அப்புறம்தான் ஸ்ரீநிவாசராகவன் இறங்கி வந்தார். பத்தொன்பது படி. அந்தப் பதினாலு நாளில் அவர் அந்த வண்டியையும் அதற்குள் இருந்தவரையும் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். காட்டன் புடவை, கண்ணாடி, மடியில் கட்டு கட்டாகக் காகிதம். அவர் நினைத்திருந்த பெண்மணி வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும்; கொஞ்சம் குரலை இறக்கிக்கொண்டார்.

“மேடம், இது ஆபீஸ். நீங்க படிச்சவங்க. வழியை அடைச்சா எப்படி?”

“நான் அடைக்கல சார். உங்க பேப்பர் அடைச்சிருக்கு.”

“நான் வீட்டுக்குப் போகணும்.”

“டாக்ஸியில போங்களேன். எனக்கு அதைத்தானே சொல்லி அனுப்பினீங்க.”

“இந்த நேரத்துல கிண்டியில டாக்ஸி எங்க கிடைக்கும்?”

“அதேதான் சார்.”

கங்கையம்மாள் சிரிப்பை அடக்க அடுப்பை ஊதினாள். மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“காம்ப்ரஹென்சிவ், அதாவது முழுக் காப்பு, என்னால தர முடியாது. பம்பாய் சொல்லணும். வேணும்னா ஆக்ட் பாலிசி போட்டுத் தரேன். ஐம்பத்துநாலு ரூபாய். சட்டப்படி ரோட்டுல ஓட்ட அது போதும்.”

“அதுல என்ன கவர் ஆகும்?”

“நீங்க யார் மேலயாவது மோதினா அவங்களுக்கு நஷ்ட ஈடு.”

“கம்பியைப் பிடிச்சு மோதினாலுமா?”

“எதைப் பிடிச்சு மோதினாலும்.”

“வண்டிக்கு?”

“கிடையாது.”

“எனக்கு?”

“கிடையாது.”

“என்னையும் என் வண்டியையும் தவிர உலகத்துல இருக்கிற எல்லாருக்கும் காப்பு.”

“அப்படியும் சொல்லலாம்.”

“இதைக் கொடுக்க பம்பாயைக் கேக்க வேண்டாமா?”

“வேண்டாம். அது என் அதிகாரத்துலயே இருக்கு.”

“பதினாலு நாளைக்கு முன்னாடியும் இருந்துச்சா?”

“இருந்தது.”

“ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே, மேடம்.”

அசரியா இரண்டடி பின்னால் போனார். டீச்சரின் அந்த முகத்தை அவர் பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு தடவை பார்த்திருக்கிறார்; யாரோ ஒரு தர்மகர்த்தா மேடையில் டீச்சரைக் காட்டி, கடவுளின் சோதனை என்று பேசியபோது. ஆனால் டீச்சர் கத்தவில்லை. “புஸ்தகத்தை இங்க கொண்டு வரச் சொல்லுங்க” என்றார். “நான் மேல வர முடியாது. நீங்க மேல போனா இறங்க மாட்டீங்க.”

பியூன் சான்றிதழ்ப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். மானேஜர் கங்கையம்மாளின் பெஞ்சில், போண்டாத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினார். ‘மாலை 5.10 முதல்’ என்று போட்டார்.

“நாலு மணியிலிருந்து போடுங்க சார். நடுவுல ஓட்டை விழக்கூடாது.”

“அது முடியாது. பணம் கட்டின நேரத்துக்கு முன்னாடி போட்டா பொய் ஆயிடும்.”

டீச்சர் பையைத் திறந்தார். அந்தப் பதினாலு நாளில் அந்தக் கம்பெனி சொன்னவற்றுள் மறுத்துப் பேச முடியாத வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் தன்னுடைய வார்த்தை. அதனால் கோபம் இன்னும் கூடியது. பணத்தைக் கொடுத்து, சான்றிதழை வாங்கி, இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்கும்வரை வண்டியைக் கிளப்பவில்லை. மானேஜர் வெயிலில் நின்றார்.

பம்பாய் பதிலைப் பற்றிக் கவலைப்படுகிற வாசகர்களுக்கு: மாதம் ஒரு கடிதமாக டீச்சர் எழுதிக்கொண்டிருந்தார். 1971-ல் சர்க்கார் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளையும் எடுத்துக்கொண்டது. மூன்று மாடியிலும் போர்டு மாற்றினார்கள். புதுப் போர்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது, வண்டியில் ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டு.

அந்த மே ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டே காலுக்கு மாரிஸ் மைனர் சைதாப்பேட்டை போய்ச் சேர்ந்தது. ஹால் கீழ்த்தளத்தில். கணக்குப் பகுதிக்கு நீள மேஜை, தலைமாட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி. அதில் வேதசிரோமணி உட்கார்ந்து, சிவப்பு மைப் புட்டியைத் திறந்துகொண்டிருந்தார். கட்டைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

“வாங்க டீச்சர். நீங்க வர மாட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க. வண்டிக்கு ஏதோ பேப்பர் கிடைக்கலையாமே. பாவம், எதுக்கு இவ்வளவு சிரமம்னு நான்தான்...”

டீச்சர் பையைத் திறந்து சான்றிதழை எடுத்து மேஜை மேல் அவருக்கு முன்னால் விரித்து வைத்தார்.

“படிங்க சார்.”

வேதசிரோமணி படிக்கவில்லை. மைப் புட்டியை மூடிவிட்டு, மரியாதையாக எழுந்து, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். டீச்சர் உட்கார்ந்தார், இரும்புச் சட்டத்தின் பூட்டைத் தளர்த்திக் காலை மடக்கினார், கட்டையை மேஜையில் சாய்த்தார். வேதசிரோமணி தன் இடத்துக்குக் கிளம்பினார்.

“படிச்சிட்டுப் போங்க” என்றார் டீச்சர்.

அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டு பக்கமும்.